மிக்ஸி ஓய்ந்தபோது கேட்ட சொல்

தேங்காய்ச் சட்னியை ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் விட்டுவிடும் என்று மங்கையர்க்கரசி மிக்ஸியை விட்டு விட்டுத்தான் ஓட்டுவாள், அப்படி அது நின்ற ஒரு நொடியில்தான் பின்பக்கம் துவைக்கிற கல்லருகே போனில் பேசிக்கொண்டிருந்த அவள் புருஷன் திருஞானத்தின் வாயிலிருந்து கேஸ் என்ற சொல் புறப்பட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, கை பழக்கத்தில் குமிழை மறுபடி திருகிவிட்டது, ஓட்டம் முடிந்து நிறுத்தியபோது அவளுக்குத் தெரிய வேணாம் என்கிறார், மறுபடி கை, மறுபடி இரைச்சல், இந்தக் கையை வெட்டிப் போட வேண்டும், அடுத்த நிறுத்தத்தில் நீங்க வர வேணாம், நானே வர்றேன் என்று முடித்துக்கொண்டு போனைச் சட்டைப்பையில் போடுகிறார். உள்ளே வந்தார். எப்போதும் போல மூன்று இட்லி. ஆனால் எப்போதும் சொல்வது போலச் சட்னியில் உப்பு ஒரு கல் கம்மி என்று இன்று சொல்லவில்லை, உண்மையிலேயே கம்மியாகத்தான் இருந்தது, அவள் வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தாள், சரியா இருக்கு என்றார், அங்கேதான் முதலில் உறுத்தியது. பிறகு காய் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டினார். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை. கத்தரிக்காய் வாங்க யாராவது முழுக்கைச் சட்டை போடுவார்களா. கேட்கலாம். கேட்டால் ஏதாவது சொல்வார், சொல்கிற எதையும் நம்ப முடியாத இடத்துக்கு மனசு ஏற்கெனவே போய்விட்டது, அதனால் கேட்காமலே நின்று கேட் சாத்துகிற சத்தத்தைக் கேட்டாள், திரும்பியபோது கதவுக்குப் பின்னால் ஆணியில் காய்ப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அகராதித் தாள்களை விரித்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம் தமிழ் அகராதி ஒன்றை மதுரையில் ஒரு பதிப்பகம் திருத்திப் போடுகிறது, ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்தான சி முழுக்க அவள் பங்கு, பொருள் சரியா, வேர் சரியா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், இரண்டு நாளாக எந்தச் சொல்லில் நின்றுகொண்டிருக்கிறாள் என்றால் இதே சொல்லில்தான். இது தற்செயலா. தற்செயல் என்பதற்கே லத்தீன்காரன் வைத்த பெயர்தான் இந்தச் சொல்லின் தாய், அதுவும் இந்தத் தாளில்தான் இருக்கிறது. கேஸ் ஒரு சொல் இல்லை, இரண்டு. வேறு வேறு வயிற்றில் பிறந்து வந்து ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்ட இரண்டு பேர், பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் என்று தோன்றும், ஒட்டும் உறவும் கிடையாது. ஒன்று விழுதல் என்கிற வேரிலிருந்து வந்தது. மேலே விழுவது, வந்து விழுவது, அப்படி நேர்ந்துவிட்ட காரியம், அதிலிருந்து கோர்ட்டுக் காரியம், ஆஸ்பத்திரிக் காரியம். இன்னொன்று பிடித்து வைத்துக்கொள்ளுதல் என்ற வேரிலிருந்து வந்த பெட்டி. ஆக ஒருவன் கேஸ் என்றால் விழுந்ததைச் சொல்கிறானா பிடித்து வைத்திருப்பதைச் சொல்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும், அவளுக்குக் கிடைத்ததோ முதுகு, அதுவும் மிக்ஸிக்கு நடுவில். ஆக்சிடென்ட் என்பதும் அதே விழுதல்தான், அதே வேர், அப்படியானால் ஊரெல்லாம் ஆக்சிடென்ட் கேஸ் ஆக்சிடென்ட் கேஸ் என்று சொல்வது விழுந்த விழுதல் என்றுதான் ஆகிறது, அவளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிய இன்ஸ்பெக்டர்கூட அன்றைக்குச் சொன்னாரே, மேடம், உங்க ஒருத்தரை நம்பித்தான் இந்தக் கேஸே நிக்குது என்று. விழுதல் எப்படி நிற்கும். அவள்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறது. அவள் நகர்ந்தால் விழும்.

நகரவில்லை, ஒரு வருஷமாக நகரவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், கீழே தெருமுனையில் டீ கேனைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு காசிமாயன் வந்துகொண்டிருந்தார், தினமும் அந்த நேரத்துக்கு வருவார், பெல்லை அடிக்கமாட்டார், டீ என்று சொல்லவும் மாட்டார், கடைக்காரர்களுக்குத் தெரியும். கார் வந்த வேகத்தை அவள் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பினாள், சைக்கிள் ஒரு பக்கம், கேன் உருண்டு போய் டீ ரோட்டில் ஆவி விட்டுக்கொண்டு பரவுகிறது, காசிமாயன் கிடந்தார். விழுந்தார் என்று சொல்ல முடியாது, விழுவதை அவள் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தாள், இந்த வித்தியாசத்தை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பான். ஆனால் காரின் வலப்பக்கக் கதவு திறந்ததைப் பார்த்தாள். மஞ்சள் பனியன் போட்ட பையன் இறங்கினான், கல்யாண மண்டபத்துக்காரர் மகன், இறங்கி முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான், நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்போது காரில் வேறு யாரும் இல்லை. அப்புறம் எவ்வளவோ நேரம் கழித்து டிரைவர் சேவுகன் காக்கிச் சட்டையோடு ஒரு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார், போலீஸ் வந்து எழுதியபோது ஓட்டியது சேவுகன் என்று எழுதியது. கல்யாண மண்டபம் வைத்திருப்பவருக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். அவள் போய் நின்று சொன்ன பிறகுதான் பையன் பெயர் ஏறியது. இலக்கணத்திலும் இந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு, வேற்றுமை, பெயர்ச்சொல் நேராக நிற்கிறது, ஐ ஆல் கு என்று சேரச்சேரச் சாய்ந்து விழுகிறது என்று அந்தக் காலத்துக் கிரேக்கன் நினைத்தானாம், அதனால் விழுதல் என்றே பெயர் வைத்தான். காசிமாயன் காரால் இறந்தார். சேவுகனால் இறந்தார். அந்தப் பையனால் இறந்தார். மூன்றாம் வேற்றுமை ஒன்றுக்காகத்தான் நாளைக் காலை அவள் கூண்டில் ஏறப் போகிறாள், ஆல் என்ற உருபு யார் பெயரோடு போய் ஒட்டுவது என்பதற்காக. நாளைக்கு. அதனால்தான் இன்றைக்கு அந்தப் போன்.

இல்லை, இப்படித் தாவக்கூடாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அகராதியில் முதல் பொருளிலேயே முடிவு கட்டுகிறவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. கேஸ் என்று அவர் சொன்னது அடுப்புக் கேஸாக இருந்தால். எழுதினாலும் அதே எழுத்து, தமிழில் முதல் எழுத்து ஒன்றுதான், மூச்சுக் கொஞ்சம் மெலிந்தால் அடுப்பு, கொஞ்சம் இறுகினால் கோர்ட்டு, மிக்ஸி இரைச்சலுக்கு நடுவில் மெலிவு ஏது இறுகல் ஏது. அந்தச் சொல்லை ஒரு ரசாயனக்காரர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கினாராம், எல்லாம் குழம்பிக் கிடக்கிற பாழ் வெளிக்குக் கிரேக்கத்தில் என்ன பெயரோ அதைக் கொஞ்சம் மாற்றி. அடுப்புக்குக் கீழே சிவப்பு சிலிண்டரில் அடைபட்டுக் கிடப்பது ஆதிக் குழப்பம் என்று நினைத்தபோது நேற்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, இன்றைக்கு வரவில்லை. அடுப்புக் கேஸ்தான் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது, நீங்க வர வேணாம், நானே வர்றேன், ஏஜென்சிக்கு நேரில் போகிறார், சரி, ஆனால் அவளுக்குத் தெரிய வேணாம் என்பது எங்கே பொருந்தும், சிலிண்டர் காலியானால் முதலில் தெரிகிறவளே அவள்தானே. இந்த நினைப்பு முடிவதற்குள் வாசலில் இரும்பு உருளுகிற சத்தம், கேஸ் என்று ஒரு குரல். சிலிண்டர்காரர்தான், அய்யர் பங்களாப் பக்கமிருந்து வருகிறவர், நரைத்த மீசை. சார் போன் பண்ணினாரா என்று கேட்டாள், குரல் சாதாரணமாகத்தான் வந்தது. நேற்றே புக் ஆகிவிட்டதே, மெசேஜ்கூடப் போயிருக்குமே என்று சொல்லிக்கொண்டே அவர் சிலிண்டரை உருட்டிப் போய் அடுப்படியில் வைத்தார், வாசர் சரியாக இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார், குமிழ் வரவில்லை. இன்னிக்குக் காலையில பேசலையா என்று மறுபடி கேட்டாள். அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பேசலைம்மா. இனி இவர் போகிற வீடெல்லாம் அந்த வீட்டு அம்மா என்னவோ விசாரிக்கிறாங்க என்று சொல்வார். சொல்லட்டும். ஒரு பொருள் கழிந்தது.

பெட்டி. மகள் பூங்கோதை வீட்டுக்குக் கோயம்புத்தூர் போவதற்கு சூட்கேஸின் ஜிப் பிய்ந்து போய்க் கிடக்கிறது, தைக்கக் கொடுத்திருந்தார், அதை வாங்கப் போகிறாரோ, சொல்லாமல் புதிதாக வாங்கி வைத்து அவளைத் திகைக்க வைக்கப் போகிறாரோ. திருஞானம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அவளைத் திகைக்க வைத்ததில்லை, அதுதான் அவரிடம் அவளுக்குப் பிடித்ததும் பிடிக்காததும், மாநகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்த்தபோதும் யாரோடும் ஒரு சொல் கூடப் போனதில்லை, குறையப் போனதுமில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை நம் பக்கம் அரை அடி தள்ளிக் கட்டியபோது செங்கல்லை எடுத்துக் கொடுத்தார். அப்படிப்பட்டவரைத்தான் மண்டபத்துக்காரர் குறி வைத்தார். பெட்டி என்றால் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அன்றைக்குத் துணி உதறும்போது ஈரம் தெறிக்கும் என்று கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாளா, அல்லது போட்டிருந்தாளா. போட்டிருந்தேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். ஒரு வருஷமாக அதையே சொல்லிச் சொல்லி இப்போது அந்தக் காட்சியில் மூக்குமேல் கண்ணாடி இருக்கிறது, ஆனால் அது அன்றைக்கு இருந்ததா, சொன்ன பிறகு வந்து உட்கார்ந்துகொண்டதா. மஞ்சளுக்கும் காக்கிக்கும் கண்ணாடி வேண்டாம். பதினெட்டு வயசுக்கும் ஐம்பது வயசுக்கும் வேண்டாம். காரிலிருந்து இறங்கி வாந்தி எடுக்கிறவனுக்கும் பின்னால் வந்து இறங்குகிறவனுக்கும் வேண்டாம். இதை அவள் தினமும் தனக்குச் சொல்லிக்கொள்கிறாள், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைத் திருஞானத்திடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், கண்ணாடி விஷயத்தை, அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கொண்டுபோய் எங்கே சேர்த்தார்.

அவர் வந்த நாள் ஞாபகம் வந்தது, மண்டபத்துக்காரர், தட்டில் ஆப்பிளும் சாத்துக்குடியும் வெற்றிலையும் வைத்து நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர் மாதிரி. தங்கச்சி என்று கூப்பிட்டார். செத்தவர் குடும்பத்துக்கு வேண்டியதைச் செய்கிறேன், சேவுகனும் சம்மதித்துத்தான் தலையைக் கொடுத்திருக்கிறான், நீங்கள் பொய் சொல்ல வேண்டாம், உறுதியாகத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை போதும் என்று மெதுவாகத்தான் பேசினார், ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. போகும்போது மட்டும், "உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு, தங்கச்சி. எனக்கு இருக்கிறது ஒரே பையன்" என்றார். இதில் என்ன இருக்கிறது. ஒரு தகப்பன் ஒரு தாயிடம் சொல்கிற சொல். ஆனால் உங்களுக்கும் என்ற சொல்லின் உம் இருக்கிறதே, அது கெஞ்சுகிற உம்மா, எச்சரிக்கிற உம்மா. அகராதியில் உம்முக்கு எத்தனையோ பொருள், எந்தப் பொருளுக்கும் பல் இல்லை, இந்த உம்முக்குப் பல் இருந்தது. திருஞானம் அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார், கொடுத்தாள், வழியனுப்பக் கேட் வரைக்கும் போனவர் திரும்பி வரவே நேரமாயிற்று, ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள், இரண்டு ஆண்களும் தலை குனிந்து செருப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினீங்க என்றதற்கு, சும்மா, தண்ணி கனெக்ஷன் பத்தி என்றார். கல்யாண மண்டபத்துத் தண்ணீர்க் கனெக்ஷன். ரிட்டையரான ஆளிடம். அதற்கப்புறம்தான் அவர் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போக ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் பூங்கோதையும், அம்மா, ஊர் கேஸெல்லாம் நமக்கு எதுக்கு, அப்பா சொல்றதைக் கேளு என்று சொன்னாள். அப்பா என்ன சொன்னார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று இவள் கேட்கவில்லை, அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தால் சந்தேகப்படுகிற பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, அவளுடைய முகம்தான், ஆனால் ஏதோ காத்திருக்கிற முகம். ஆஸ்பத்திரிக் கேஸாக இருக்குமோ, நெஞ்சு வலி என்று ஒரு நாள் சொன்னாரே, டாக்டரிடம் தனியாகப் போகிறாரோ, அதனால்தான் அவளுக்குத் தெரிய வேணாமோ. இந்த எண்ணம் வந்த உடனே பயப்பட்டிருக்க வேண்டும். பயமும் வந்தது. ஆனால் பயத்துக்கு முந்தி ஒரு சின்ன ஏமாற்றம் வந்ததை அவள் கவனித்தாள், அப்படியானால் இது அந்தக் கேஸ் இல்லையா என்று. அதை உடனே தள்ளிவிட்டாள். பேச்சில் ஒரு ஆளையே கேஸ் என்று சொல்வார்கள், அது ஒரு மாதிரி கேஸ்ப்பா என்று, இத்தனை வருஷம் கழித்து இவருக்கு அப்படி யாராவது, சீ, முழுக்கைச் சட்டை, சீ. அதுவும் தள்ளிப் போயிற்று. எதைத் தள்ளினாலும் மறுபடி தெருமுனையில்தான் வந்து நின்றது, டீ ஆவி விடுகிற இடத்தில். தமிழில் வழக்கு என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், ஆனால் வழக்குக்கே இரண்டு பொருள், கோர்ட்டில் நடப்பதும் வழக்கு, வாயில் புழங்குவதும் வழக்கு, எல்லாரும் எப்படிச் செய்கிறார்களோ அதுவும் வழக்கம். வழக்கம் என்ன. பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்பதுதான் வழக்கம். அந்தத் தெருவில் அன்றைக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள், பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், ஒருவர்கூட எதையும் பார்க்கவில்லை. அவளுக்கு மட்டும் என்ன கண்.

பேச்சியம்மாளை நினைத்துக்கொண்டாள். காசிமாயனின் பெண்டாட்டி. மாதத்துக்கு ஒரு தடவை வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள், உள்ளே வா என்றால் வரமாட்டாள், எதுவும் கேட்கமாட்டாள், ஒரு தடவை முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள், அவ்வளவுதான். அவள் நின்றுவிட்டுப் போன நாளெல்லாம் மங்கையர்க்கரசிக்கு வேலை ஓடாது. ஏன் வருகிறாள் என்று எரிச்சல் வரும், தன்னைக் காவல் காக்க வருகிறாளோ, தன் மனசு மாறிவிட்டதா என்று பார்த்துப் போக வருகிறாளோ, இல்லை, இவளே மண்டபத்துக்காரரோடு பேசி முடித்துவிட்டு அதைச் சொல்ல வாய் வராமல் நிற்கிறாளோ. அப்படி முடித்திருந்தால். முடித்திருந்தால் யாருக்காக நாளைக்குக் கூண்டில் ஏறுவது. இந்த எண்ணம் வந்தால் தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கும், பாரம் இறக்கிய மாதிரி, அதை அவள் பல தடவை உணர்ந்திருக்கிறாள், ஆனால் உற்றுப் பார்த்ததில்லை. போன மாதம் பேச்சியம்மாள் முதல் முறையாக வாயைத் திறந்து, நீங்க இருக்கீங்கம்மா என்றாள். நீங்கள் இருக்கிறீர்கள். அதை அவள் தைரியத்துக்காகச் சொன்னாள். மங்கையர்க்கரசிக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. இருக்கிறேன் என்றால் எதில் இருக்கிறேன், பிடித்து வைக்கிற பெட்டியில் இருக்கிறேன். வெளியே எடுத்துவிட யாராவது வர மாட்டார்களா. தாளில் பென்சில் ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஓட்டையாகியிருந்தது. பக்கத்தில் தானே எழுதியிருந்த பொருள்களைப் பார்த்தாள், நிலைமை, நேர்வு, வழக்கு, நோயாளி, வேற்றுமை, பெட்டி, உறை. இவ்வளவு நேரமும் இந்தச் சொல்லை அவள் தேடிக்கொண்டிருக்கவில்லை. எந்தக் கேஸ் என்று மிக்ஸி நின்ற அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அடுப்பையும் சூட்கேஸையும் லத்தீனையும் சுற்றி வந்தாள். அவர் விற்றுவிட்டார். போய்க்கொண்டே இருக்கிறார், அந்த வெள்ளைச் சட்டையில், போய்ச் சேர்ந்திருப்பார்.

கேட் திறந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. திருஞானம் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். அவர் குடிக்கும் வரை நின்றாள். காய் எங்கே என்று கேட்டாள், வாங்கவில்லை என்றார். அப்புறம் அவராகவே, மண்டபத்துக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொன்னார். போன வாரத்திலிருந்து போன் மேல் போன், இன்றைக்குக் காலை, கேஸ் நாளைக்கு வருது, நான் நேரிலேயே வந்து தங்கச்சியிடம் பேசிவிடுகிறேன் என்று கிளம்பத் தயாராக இருந்தாராம், இங்கே வர வேண்டாம் என்று சொல்லி இவரே போனாராம். அவளுக்கு உள்ளுக்குள் எல்லாம் அடங்கி ஒரு அமைதி வந்தது. சரியாக நினைத்திருக்கிறாள். இனி கேட்க வேண்டியது ஒன்றுதான்.

"என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு அவ கோர்ட்டுக்கு வருவா. பார்த்ததைச் சொல்லுவா. இனிமே வீட்டுக்கு வராதீங்க, போனும் பண்ணாதீங்கன்னு சொன்னேன்." திருஞானம் டம்ளரைக் கீழே வைத்தார். "உன் நிம்மதியக் கெடுக்க வேணாம்னுதான் சொல்லாமப் போனேன்."

அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷர் ஒருவர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், அதுவும் அவளுக்காக, பஸ் ஏறிப் போய், கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு. ஆனால் அவளுக்கு வந்தது கோபம், கடைசிக் கதவையும் யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டுச் சாவியைத் தன் கையிலேயே கொடுத்த மாதிரி இருந்தது.

"உங்கள யாரு அங்க போகச் சொன்னது?"

அவர் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் ஆகாது, அவரும் பெரிய மனுஷர்தான், வாசல் வரைக்கும் வந்து அனுப்பினார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே போனார். அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அகராதித் தாள்களை ஒதுக்கினாள். காலையில் மிக்ஸி நின்றபோது அவர் பேசியது காதில் விழுந்ததைச் சொன்னாள், காய்ப் பை ஆணியில் தொங்கியதைச் சொன்னாள், சிலிண்டர்காரரிடம் விசாரித்ததைக்கூடச் சொன்னாள். திருஞானத்தின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"நான் விலை பேசிட்டேன்னு சந்தேகப்பட்டியா, மங்கை?"

"சந்தேகப்படலைங்க." சொல்வதற்கு முன் அவளுக்கே அது தெரியாது, சொன்ன பிறகுதான் காலையிலிருந்து நெஞ்சில் இருந்தது அதுதான் என்று தெரிந்தது. "ஆசப்பட்டேன்."

வெளியே யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனான். நீங்கள் முடித்துவிட்டு வந்திருந்தால் உங்களை ஆயுசுக்கும் திட்டிக்கொண்டு நான் நல்லவளாக இருந்திருப்பேன் என்று அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருஞானம் சட்டையின் கைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கிற வரைக்கும் உள்ள போய் என்ன சொல்லப் போறேன்னு எனக்கும் தெரியாது" என்றார். "உக்காரச் சொன்னாரு. அந்தப் பையன் வந்து எனக்குத் தண்ணி குடுத்தான். என் முகத்தப் பார்க்கல. குடிச்சிட்டு நிமிர்ந்தா வாயில அதுதான் வந்துச்சு." அவ்வளவுதான் பேசினார்கள். மத்தியானத்துக்கு ரசமும் அப்பளமும் போதும் என்றார், வைத்தாள், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் கோர்ட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது திருஞானம் பின் பெஞ்சில் இருந்தார், அவருக்கு இரண்டு ஆள் தள்ளிப் பேச்சியம்மாள். காரின் வலப்பக்கக் கதவைத் திறந்து இறங்கியது யார் என்று அரசு வக்கீல் கேட்டார். அந்தப் பையன் வெள்ளைச் சட்டை போட்டு மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்திருந்தான், ஒரு வருஷத்தில் தாடை அகன்றிருந்தது, அவள் விரலை நீட்டியபோது நிமிர்ந்து பார்த்தான், மாடியைப் பார்த்த அதே கண். இவன்தான் என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைப் பற்றிக் கேட்டார், போட்டிருந்தேனா இல்லையா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது, மஞ்சள் பனியனுக்கும் காக்கிச் சட்டைக்கும் அது தேவையில்லை என்று உள்ளதைச் சொன்னாள். வக்கீல் தாளைப் புரட்டினார், குரலை இறக்கி, ரொம்ப அன்பாக, இப்படிச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா அம்மா என்று கேட்டார்.

"இல்லைங்க. சொல்ல வேணாம்னு யாராவது தடுத்துருவாங்கன்னு பார்த்தேன். யாரும் தடுக்கல."

கேட்டதற்கு இது பதில் இல்லை என்று வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.